அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல்: பதிவு எண் கிடைத்த நாள் முதல் பட்டம் வரை

கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களில் உங்களுக்கு ஒரு பதிவு எண் வரும். பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கு கல்லூரியின் குறியீடு, அடுத்த இரண்டு சேர்ந்த வருடம், அதற்கடுத்த மூன்று துறை. 104 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், 106 ஈசிஇ, 114 மெக்கானிக்கல். கடைசி மூன்றும் வரிசையில் உங்கள் இடம். நான்கு வருடமும் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் அந்த எண்தான். விடைத்தாள் திருத்துகிறவருக்கு அதுவும் தெரியாது, டம்மி எண் போட்டுத்தான் தாள் அவர் கைக்குப் போகும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வைத்துப் பட்டம் கொடுக்கிற இடம், ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியாது. அது விதிகளால்தான் பேசும். இணைப்புக் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இடறி விழுந்த மாணவர்களில் பாதிக்கு மேல் படிப்பு வராதவர்கள் இல்லை. விதி என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்காதவர்கள். வீட்டில் ஒரு இன்ஜினியர் இருந்தால் சாப்பிடும்போதே காதில் விழுகிற விஷயங்கள், முதல் பட்டதாரி பிள்ளைக்கு ஒரு செமஸ்டரை இழந்த பிறகுதான் தெரியவருகின்றன. இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்கு.

படி 1: நீங்கள் எங்கே சேர்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"அண்ணா யுனிவர்சிட்டியில் படிக்கிறேன்" என்பதற்குப் பல பொருள் உண்டு. 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அதோடு அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்து 1978-இல் இந்தப் பல்கலைக்கழகம் உருவானது. இந்த நான்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். கோவை, மதுரை, திருநெல்வேலியில் மண்டல வளாகங்கள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. மற்ற பெரும்பான்மை இணைப்புக் கல்லூரிகள். அவற்றிலும் பல தன்னாட்சி பெற்றவை.

இதனால் என்ன வித்தியாசம்? தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், ரிசல்ட் எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால், கன்னியாகுமரியில் ஒருவர் எழுதுகிற அதே கேள்வித்தாளைத்தான் கிருஷ்ணகிரியில் நீங்களும் அதே நாள் எழுதுவீர்கள். கீழே நான் சொல்கிற கணக்குகள் இந்த இரண்டாவது வகைக்கு, அதுவும் 2021 ரெகுலேஷனுக்கு, அதாவது அந்த வருடம் வந்த பாட, தேர்வு விதித்தொகுப்புக்கு. உங்கள் பேட்ச்சுக்கு எந்த ரெகுலேஷன் என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு, அந்தப் பிடிஎஃப்பைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் படித்து முடித்துவிடலாம். சீனியர் சொன்னது அவர் ரெகுலேஷன். உங்களுடையது வேறாக இருக்கலாம்.

படி 2: முதல் மாதத்திலேயே பணத்துக்கான காகிதங்கள்

கவுன்சலிங்கில் இடம் வாங்கியவர்களுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில், படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022-இல் தொடங்கியது), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இருக்கின்றன. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனி.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டிருக்காது, அல்லது இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருக்கும். பள்ளியில் உங்களுக்கு எமிஸ் எண் இருந்ததுபோல் இங்கே யுமிஸ் எண் இருக்கும். அதில் உங்கள் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வருமானம், சாதி, முதல் பட்டதாரி என எல்லாச் சான்றிதழிலும் ஐந்து ஐந்து நகல் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துவிடுங்கள். போனஃபைட் (இங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று) வாங்க அலுவலகத்துக்குப் போகிறபோது அந்த ஃபைலும் கையில் இருக்கட்டும்.

படி 3: பாஸ் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

தியரி பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டரை 100-க்கு எழுதுவீர்கள், அதை 60-க்குக் குறைப்பார்கள். பாஸாக இரண்டு நிபந்தனை. செமஸ்டர் தேர்வில் மட்டும் 100-க்குக் குறைந்தது 45 வேண்டும். இன்டர்னலும் சேர்ந்து மொத்தம் 50 வர வேண்டும்.

இப்போது பேனா எடுங்கள். செமஸ்டரில் 45 வாங்கினால் 60-க்கு 27. அதோடு 50 ஆக இன்டர்னலில் 23 இருக்க வேண்டும். இன்டர்னல் 23 வைத்திருக்கிறவர் தேர்வறைக்குள் 45 மார்க் கவலையோடு போகிறார். இன்டர்னல் 15 உள்ளவர் 59 வாங்கியாக வேண்டும். 10 மட்டும் உள்ளவருக்கு 67. ஒரே வகுப்பு, ஒரே கேள்வித்தாள், ஆனால் பாஸ் மார்க் ஆளுக்கு ஆள் வேறு! ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். பின் பெஞ்சில் பேச்சு நிற்பது அப்போதுதான்.

அந்த 40 எப்படி வருகிறது என்பதும் முக்கியம். இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100-க்கு. அதில் எழுத்துத் தேர்வு 60, மீதி 40 அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் மாதிரியான வேலைகளுக்கு. தேர்வில் தடுமாறுகிற பிள்ளைகூட இந்த 40-ஐ முழுசாக வாங்க முடியும். அசைன்மென்ட்டை உரிய தேதியில், உங்கள் கையெழுத்தில், நீங்களே போட்ட கணக்கோடு கொடுங்கள். பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியது எங்களுக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒரே தப்பு ஒரே வரியில் நாலு பேரிடம் வரும்.

ஜிபிஏ, அதாவது செமஸ்டரின் சராசரி கிரேடுக் கணக்கு: ஓ கிரேடுக்கு 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒவ்வொன்றையும் பாடத்தின் கிரெடிட்டால் (பாடத்துக்குக் கொடுத்திருக்கிற எடை) பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். நான்கு கிரெடிட் கணக்குப் பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவதும் ஒரு கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவதும் சமம் இல்லை. நேரத்தை எங்கே செலவிடுவது என்பதை கிரெடிட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். அதற்காக முதல் வருடத்தில் வருகிற 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' இரண்டையும் ஒரு கிரெடிட்தானே என்று விடக் கூடாது. அவற்றில் விழுந்தாலும் அரியர் அரியர்தான்.

எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்து சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) 8.5-க்குக் குறையாமல் இருந்தால் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு. 6.5-க்கு முதல் வகுப்பு. ஒரே ஒரு அரியர் வந்தாலும் டிஸ்டிங்ஷன் போய்விடும் என்பதை மூன்றாம் வருடத்தில் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: வருகைப் பதிவு

75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்கு உரிய சான்றோடு விலக்குக் கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான். விளையாட்டுக்கோ சிம்போசியத்துக்கோ போனால் ஆன் டியூட்டி (ஓடி) படிவத்தை அந்த வாரமே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், டெங்கு என்று படுத்தால் டாக்டர் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரப்படுத்துங்கள். செமஸ்டர் முடிவில் வந்து சொன்னால் உதவ நினைக்கிற ஆசிரியராலும் முடியாது.

படி 5: ஆங்கிலம் என்கிற மதில்

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2010 முதல் சில வளாகங்களில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் உண்டு. மற்றவர்கள் அனைவருக்கும் ஆங்கிலம்தான். தமிழ்வழியில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கி வந்த பிள்ளை முதல் வாரமே வாய்மூடிப் போய்விடுகிறது. தன்னைச் சுற்றி எல்லோருக்கும் புரிகிறது, தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைக்கிறது. அது உண்மையில்லை. ஆங்கிலவழியில் வந்தவர்களுக்கும் பாதி புரிவதில்லை. அவர்கள் தலையாட்டப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்லிக்கொடுக்கிற முறை இது. முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். யூடியூபில் இப்போது எல்லா முதல் வருடப் பாடத்துக்கும் தமிழில் விளக்கம் கிடைக்கிறது. புரிந்ததை நண்பரிடம் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதப் பாருங்கள், மனப்பாடம் செய்த வாக்கியமாக வேண்டாம், ஐந்தாறு சொல்லில் உங்கள் வாக்கியமாக. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இருபது கலைச்சொற்கள் இருக்கும். ஒரு சின்ன நோட்டில் இடதுபக்கம் ஆங்கிலச் சொல், வலதுபக்கம் தமிழில் உங்களுக்குப் புரிகிற ஒரு வரி. ஒரு செமஸ்டருக்குள் அந்த நோட்டு தேவைப்படாமல் போகும்.

திருத்துகிறவர்கள் இலக்கணத்துக்கு மார்க் குறைப்பதில்லை. படம், சமன்பாடு, சரியான கலைச்சொல் மூன்றும் இருக்கிறதா என்றுதான் கண் தேடும். வாக்கியம் உடைந்திருந்தாலும் படம் சரியாக இருந்தால் மார்க் உண்டு. திருத்தும் மேசையில் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன்.

படி 6: மூன்று மணி நேரம்

பெரும்பாலான தியரி பாடங்களில் கேள்வித்தாளின் அமைப்பு இதுதான், கணக்குப் பாடங்களில் மட்டும் கொஞ்சம் வேறு. பார்ட் ஏ: பத்து இரண்டு மார்க் கேள்விகள், யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி: ஐந்து 13 மார்க், யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது'. பார்ட் சி: ஒரு 15 மார்க். 180 நிமிடத்தில் பார்ட் ஏவுக்கு 25, மற்ற ஆறு கேள்விக்கும் ஆளுக்கு 25. மிச்சம் ஐந்து நிமிடம், கேள்வி எண்களைச் சரிபார்க்க.

அந்த ஐந்து நிமிடத்தை விடாதீர்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பித்து, போட்டோகாப்பியில் வந்த ஒரு விடைத்தாளை மறக்க முடியாது. நல்ல மாணவன், அழகான விடை. ஆனால் 12-ஆம் கேள்வியில் 'அல்லது' பகுதிக்கு எழுதிய விடைக்கு மார்ஜினில் 13 என்று போட்டிருந்தான். 13-க்கு இன்னொரு விடையும் தனியாக இருந்தது. தாள் முழுவதையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் "மேம், நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்றான். குரல் வெளியே வரவில்லை.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு உதாரணம். முதல் செமஸ்டரின் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பாடத்தில், இருபடி வடிவத்தைச் செங்குத்து உருமாற்றத்தால் நியம வடிவத்துக்குக் கொண்டுவரும் கணக்கு. முதல் யூனிட்டின் பெரிய கேள்வி, எல்லோரும் பயப்படுவது. அதை மொத்தமாகப் பார்க்காமல் படிகளாக உடையுங்கள். அணியை எழுதுவது ஒரு படி. சிறப்பியல்புச் சமன்பாடு ஒரு படி. ஐகன் மதிப்புகள் மூன்று. அவற்றின் கூட்டல் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமாக வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், தப்பு இருந்தால் இந்த இடத்தில் பிடிபடும். பிறகு ஐகன் வெக்டர்கள். அவை ஒன்றுக்கொன்று செங்குத்தா என்ற சோதனை. நீளத்தால் வகுத்து அணி அமைப்பது. கடைசியில் மூலைவிட்ட அணியும் நியம வடிவமும். ஒவ்வொரு படிக்கும் தனி மார்க் உண்டு. ஒரு ஐகன் வெக்டரில் கூட்டல் தப்பினாலும் மற்ற படிகளுக்கு மார்க் கிடைக்கும். 'முழுசா வராது' என்று கேள்வியையே விட்டுவிடுகிறவருக்குத்தான் சுழி.

பழைய கேள்வித்தாள் பத்து எடுத்து யூனிட் வாரியாகக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் இரண்டு யூனிட்டை அப்படியே விட்டுவிடுவது ஆபத்து. பார்ட் சி எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸை மட்டும் படித்துப் பாஸாக முடியாது. தினம் ஒரு படம், டிராஃப்டரைப் பிடித்து, கை நோகும் வரை போட வேண்டும்.

படி 7: ரிசல்ட் வந்த பிறகு

'யு', அதாவது ஃபெயில், என்று வந்தால் அன்று இரவு எந்த முடிவும் எடுக்காதீர்கள். மறுநாள் கல்லூரிக்கு வந்து விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். கடைசித் தேதி மிகக் குறுகியது, சில நாள்தான். நகல் வந்ததும் அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் கொடுத்து மார்க் போடச் சொல்லுங்கள். அவர் போட்டதற்கும் வந்ததற்கும் நல்ல இடைவெளி இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி அடுத்த தேர்வுக்குப் படியுங்கள்.

அரியர் தேர்வுக்குத் தானாகப் பெயர் ஏறாது. ஒவ்வொரு முறையும் பதிவுசெய்து கட்டணம் கட்ட வேண்டும். அரியரைத் தள்ளிப்போடுகிறவர்கள் சொல்கிற காரணம், 'நடப்பு செமஸ்டரில் கவனம் செலுத்துகிறேன்' என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இரண்டு செமஸ்டர் கழித்து ஒரே மாதத்தில் பத்துத் தேர்வு எழுத வேண்டிவரும். வந்த அரியரை அடுத்த வாய்ப்பிலேயே முடியுங்கள். வளாக நேர்காணலுக்கு வருகிற நிறுவனங்களில் நிறைய, ஸ்டேண்டிங் அரியர் (இன்னும் முடிக்காதது) இருந்தால் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை.

படி 8: விடுதி, நண்பர்கள், மனசு

ராகிங்கை 'அறிமுகம்' என்று சொல்லி மழுப்புவார்கள். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. பாட்டுப் பாடச் சொல்வதில் தொடங்கினாலும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது ராகிங். 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

விடுதியில் முதல் மாதம் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வரும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மார்க்கைவிட நீங்கள் பெரியவர்கள். வகுப்பில் சொல்லக் கூச்சப்பட்டாலும் எழுத்தில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு ஆசிரியருக்காவது உங்கள் பெயரும் ஊரும் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகத்தோடு போய் நில்லுங்கள், போதும். பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரும் ஓடிவர மாட்டார்கள். பெயர் தெரிந்த பிள்ளைக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நாங்கள் இருக்கிறோம்.

சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பயன்படுத்துங்கள். 2010-இல் திறந்தது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனிப் பகுதி இருக்கிறது. விடுதி அறையில் படிக்க முடியாதவர்களுக்கு அது பெரிய வரம்.

படி 9: மூன்றாம் வருடத்திலிருந்து

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் இணையத்தில் நடத்துகிற என்பிடிஇஎல் படிப்புகள் வருடத்துக்கு இரண்டு முறை தொடங்கும், நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரம் என்று. வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. உங்கள் ரெகுலேஷன் அனுமதிக்கிற அளவுக்கு எலெக்டிவ் (விருப்பப்) பாடத்துக்குப் பதிலாக இதை எடுக்கலாம். சேர்வதற்கு முன் துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் வருகிற பயிற்சியைச் சும்மா லாகின் செய்து கடத்தாமல், அதில் ஒரு புராஜெக்ட்டையாவது உங்கள் கையால் முடியுங்கள். நேர்காணலில் "இதை நீங்கள் செய்தீர்களா?" என்று கேட்டால் தடுமாறாமல் பேச அது ஒன்று இருந்தால் போதும்.

படி 10: பெயரும் இனிஷியலும்

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் முதல் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே பார்க்க வேண்டியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதுவே எல்லாவற்றிலும் வர வேண்டும். இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா, பிறந்த தேதி சரியா. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதச் சொல்வார்கள். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் இருந்தால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போகிற நேரத்தில் அலைய வேண்டிவரும். முதல் பட்டியலில் தப்பைக் கண்டால் கல்லூரி வழியாக ஒரு விண்ணப்பம், பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல், அவ்வளவில் முடியும். எட்டு செமஸ்டர் பட்டியலும் பட்டச் சான்றிதழும் அச்சான பிறகு என்றால் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். போன வருடம் ஒரு அம்மா தன் மகளின் முதல் பட்டியலை என் மேசையில் விரித்து, எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழாவது எழுத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அன்றே விண்ணப்பம் எழுதினோம்.